மாற்றிப் பேசுகிறவனை நம்பலாமா?

முட்டை சாப்பிடலாமா, கூடாதா?

இந்த ஒரு கேள்விக்கு நீங்கள் இதுவரை எத்தனை பதில் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மஞ்சள் கரு முழுக்க கொலஸ்ட்ரால், கிட்டேயே போகாதே என்றார்கள். வீட்டில் பெரியவர்கள் பயந்துபோய் வெள்ளைக் கருவை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, மஞ்சளை ஏக்கத்தோடு பார்த்தார்கள். நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்று பல வருஷம் சொல்லிவந்த அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, 2015-20 பதிப்பில் அந்த எண்ணையே கைவிட்டுவிட்டது.

புளூட்டோ கதை தெரியும். ஒன்பது கிரகங்களை வரிசை மாறாமல் ஒப்பித்து மார்க் வாங்கியவர்கள் நாம். 2006 ஆகஸ்ட்டில் வானியலாளர்கள் கூடி ஓட்டெடுத்து, ஒன்பதாவதை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாங்கின மார்க்கை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். 2020 அப்படி இல்லை. ஆரோக்கியமாக இருப்பவர்கள் மாஸ்க் போட வேண்டியதில்லை என்று ஆரம்பத்தில் சொன்ன உலக சுகாதார நிறுவனம், ஜூன் மாதம் பேச்சை மாற்றியது. கூட்டமான இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. அடுத்த வருஷம் தடுப்பூசி வந்தபோது வீட்டுக்கு வீடு பட்டிமன்றம். டீக்கடையில், பஸ்ஸில், வாட்ஸ்அப் குரூப்பில் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்:

"நேத்து ஒண்ணு சொல்றாங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றாங்க. இவங்களை நம்பி எப்படிங்க உடம்பைக் கொடுக்கிறது?"

இதைப் படிக்காதவர்களின் கேள்வி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். மிகவும் நியாயமான கேள்வி. பேச்சு மாறுகிறவனை நம்பாதே என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள்? பெண்டாட்டி, பிள்ளை, நாடு, சுடுகாடு எதுவந்தாலும் சொன்ன சொல் மாறாத அரிச்சந்திரன்தானே நம்முடைய உதாரண புருஷன்? கடன் வாங்கினவன், வீட்டுத் தரகர், கட்சி மாறும் எம்.எல்.ஏ. எல்லோரையும் இந்தத் தராசில்தான் நிறுக்கிறோம். விஞ்ஞானத்தை மட்டும் ஏன் வேறு தராசில் வைக்க வேண்டும்?

வைக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

*

வயிற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். அல்சர்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் தெருவுக்கு நாலு அல்சர்காரர்கள் இருந்தார்கள். சட்டைப் பையில் ஜெலுசில், மதியம் மோர் சாதம், கல்யாண வீட்டில் ரசம்கூட வேண்டாம் என்கிற சோகம். "டென்ஷன் ஆகாதீங்க, காரம் சேர்க்காதீங்க" என்பார் டாக்டர். டாக்டர் பொய் சொல்லவில்லை. உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. மனக்கவலையும் அதிக அமிலமும் சேர்ந்து வயிற்றில் புண் உண்டாக்குகின்றன, அமிலத்தைக் குறைக்க மாத்திரை போடு. போட்டால் குறையும். நிறுத்தினால் திரும்ப வரும். ஆயுசுக்கும் மாத்திரை.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்று ஒரு நோய்க்குறியியல் டாக்டர். 1979-ல், வயிற்றிலிருந்து எடுத்த திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வளைந்த பாக்டீரியாக்கள் தெரிந்தன. வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது பாடப்புத்தக உண்மை. ஆனால் கண்ணெதிரே இருக்கிறதே! 1981-ல் பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். அந்தப் பாக்டீரியாவைத் தட்டில் வளர்க்க முயன்றார்கள். இரண்டு நாள் பார்ப்பார்கள், ஒன்றும் வளராது, தூக்கிப் போட்டுவிடுவார்கள். 1982 ஈஸ்டர் சமயம் நீண்ட லீவு. தட்டுகளை எடுத்துப் போட ஆளில்லை. ஐந்து நாள் கழித்து வந்து பார்த்தால் பாக்டீரியா ஜம்மென்று வளர்ந்திருந்தது. அதற்கு இரண்டு நாள் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அல்சருக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று இருவரும் சொன்னபோது பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. 1983-ல் ஆஸ்திரேலிய இரைப்பை-குடல் மருத்துவர் சங்க மாநாட்டில் கட்டுரை வாசிக்க அனுமதி கேட்டார்கள். வேண்டாம் என்று கடிதம் வந்தது. கிருமி இருக்கட்டும், அல்சர் வந்த வயிற்றில் அது பின்னால் வந்து குடியேறியதாகக்கூட இருக்கலாமே? மார்ஷல் பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தொற்று ஒட்டவில்லை. 1984-ல் ஒரு காரியம் செய்தார். தன் வயிறு சுத்தமாக இருக்கிறது என்று முதலில் எண்டோஸ்கோப்பி எடுத்து உறுதி செய்துகொண்டு, வளர்த்த கிருமியைக் கலக்கி மடக்கென்று குடித்துவிட்டார். மனைவியிடம்கூட முன்னால் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் விஞ்ஞானம் அங்கேயே நின்றிருக்கும்.)

சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். மறுபடி எண்டோஸ்கோப்பி. சுத்தமாக இருந்த வயிற்றுச் சுவரில் அழற்சி, அதில் அதே கிருமி. அதுகூட முழு நிரூபணம் இல்லை. அவருக்கு வந்தது அழற்சிதான், அல்சர் இல்லை. பிறகு பல ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆன்ட்டிபயாடிக் கொடுத்துச் சோதித்தார்கள். கிருமி போனவர்களுக்குப் பெரும்பாலும் அல்சர் திரும்பவில்லை. 1994-ல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழு ஒப்புக்கொண்டது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. சில வலி மாத்திரைகளாலும் அல்சர் வரும் என்பது தனிக் கதை. ஆனால் ஆயுசுக்கும் மாத்திரை என்றிருந்த கோடிக்கணக்கானவர்களுக்கு, ஓரிரு வார மருந்தோடு முடிந்துபோனது.

இப்போது சொல்லுங்கள். அல்சர் விஷயத்தில் விஞ்ஞானம் பேச்சை மாற்றியது. மாற்றாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா?

*

நான் பி.காம். படித்தவன். எனக்கும் சோதனைக் குழாய்க்கும் இருந்த உறவு பள்ளிக்கூடத்தோடு தீர்ந்தது. ஆனால் காலேஜில் படித்த ஒரு பேப்பர்தான் எனக்கு இந்த விஷயத்தைப் புரியவைத்தது. ஆடிட்டிங்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு தர்மம் உண்டு. பேரேட்டில் தப்பாக ஒரு தொகை எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது. திருத்தப் பதிவு போட வேண்டும். எந்தக் கணக்கில் எவ்வளவு தப்பு, இப்போது எப்படிச் சரி செய்கிறோம் என்று தேதி போட்டு, கீழே காரணமும் ஒரு வரி எழுத வேண்டும். பழைய தப்பு, புதிய திருத்தம் இரண்டும் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வருஷம் பூரா ஒரு திருத்தம்கூட இல்லாமல் பளபளவென்று ஒரு பேரேடு வந்தால் அனுபவமுள்ள ஆடிட்டர் மகிழ மாட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

முட்டையும் மாஸ்க்கும் அல்சரும் திருத்தப் பதிவுகள். புதிய ரசீது வந்தது, கணக்கு திருந்தியது.

ஆடிட்டிங் படிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கு மனப்பாடம். இங்கிலாந்தில் 1896-ல் கிங்ஸ்டன் பருத்தி மில் வழக்கு. ஆடிட்டர் காவல் நாய்தானே தவிர மோப்ப நாய் இல்லை என்று அதில் நீதிபதி சொன்னார். அதாவது, எல்லோரையும் திருடனாக நினைத்து மோப்பம் பிடித்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை. கம்பெனிக் கணக்குக்கு அது சரி. விஞ்ஞானத்தில் அப்படி இல்லை. அங்கே சக விஞ்ஞானிகள் மோப்ப நாய்கள். அதிலும், உங்கள் கண்டுபிடிப்பில் ஓட்டை கண்டுபிடித்தால் அவர்களுக்குத்தான் பெயர். எதிர்த்தெருக் கடைக்காரரை உங்கள் கணக்குக்கு ஆடிட்டராகப் போட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் ஏற்பாடு.

இதை தத்துவமாக எழுதி வைத்தவர் கார்ல் பாப்பர். வியன்னாக்காரர். 1919-ல் பதின்பருவப் பையன். அந்த வருஷம் மே 29-ம் தேதி சூரிய கிரகணம். சூரியனுக்குப் பக்கத்தில் வரும் நட்சத்திர ஒளி இவ்வளவு வளையும் என்று ஐன்ஸ்டைன் முன்கூட்டியே எண்ணைச் சொல்லிவிட்டார். எடிங்டன் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவு ஒன்றிலும், இன்னொரு குழு பிரேசிலிலும் போய் உட்கார்ந்து படம் எடுத்தார்கள். வளைந்திருந்தது. பாப்பரை அசத்தியது ஐன்ஸ்டைன் ஜெயித்தது இல்லை. தோற்கக்கூடிய இடத்தில் தானாகவே போய் நின்றாரே, அதுதான். இந்த எண் வரவில்லை என்றால் என் தியரி அவுட் என்று ஊர் பார்க்கச் சொல்லிவிட்டு நிற்பது.

எதிர்ப்பக்கத்து உதாரணத்துக்கு வியன்னா வரை போக வேண்டாம். தேர்தல் முடிவு வந்த மறுநாள் எங்கள் பத்திரிகை உலகத்தைப் பாருங்கள். ஆளுங்கட்சி ஜெயித்தால் "நலத்திட்டங்கள் கைகொடுத்தன". தோற்றால் "நலத்திட்டங்களை மீறிய அதிருப்தி". ரெண்டு கட்டுரையும் ஒரே ஆள் எழுதலாம். எது நடந்தாலும் விளக்கம் ரெடி. எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் உண்மையில் எதையும் விளக்கவில்லை என்பதுதான் பாப்பர் பிடித்த பாயின்ட். 1934-ல் புத்தகமாகவே எழுதினார்.

பாப்பர் சொன்னதும் முழுசாகச் சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். (தத்துவத்திலும் திருத்தப் பதிவு உண்டு!) 1962-ல் தாமஸ் கூன் எழுதிய புத்தகம், விஞ்ஞானிகள் அப்படியொன்றும் உடனே தோல்வியை ஒப்புக்கொள்கிறவர்கள் இல்லை, பழைய நம்பிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நாள் முரண்டு பிடிப்பார்கள் என்று காட்டியது. உண்மைதான். மார்ஷலிடமும் பிடித்தார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். "நீ சொல்வதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னின்ன ரசீது வேண்டும்" என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஒப்புக்கொண்டார்கள். கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்களே தவிர, ஆளைப் பிடித்து உள்ளே போடவில்லை.

உள்ளே போட்ட நாடும் இருந்தது.

*

அதைச் சொல்லும் முன் நம் ஊர்ச் சம்பவம் ஒன்று. 1996-ல் மூலிகை பெட்ரோல். தென் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஓர் இளைஞர், தண்ணீரில் மூலிகையைப் போட்டு பெட்ரோல் தயாரிக்கிறேன் என்று கிளம்பினார். நாடே பரபரத்தது. கண்டிப்பான மேற்பார்வையில் சோதித்தபோது பெட்ரோல் வரவில்லை. பல வருஷம் கழித்து, 2016-ல் கோர்ட் மோசடி என்று தீர்ப்புச் சொல்லித் தண்டித்தது. ஆனால் அந்த 1996-ல், சந்தேகப்பட்ட விஞ்ஞானிகள் மேல் ஜனங்களுக்கு வந்த கோபத்தை நினைத்துப் பாருங்கள். "கிராமத்துப் பையன் கண்டுபிடிச்சா இந்தப் படிச்சவனுங்களுக்குப் பொறுக்காதே!"

அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருப்பது கெட்ட எண்ணம் இல்லை. ஏழை ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசை. நல்ல ஆசை. அந்த நல்ல ஆசையை ஓர் அரசாங்கமே கையில் எடுத்துக்கொண்டு, ஆடிட்டர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் லைசென்கோவின் கதை.

டிராஃபிம் லைசென்கோ 1898-ல் உக்ரைனில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குளிர்காலக் கோதுமை விதையை நனைத்துக் குளிரவைத்து, வசந்தத்தில் விதைத்தால் விளையும் என்றார். விதைக்குக் குளிர் காட்டினால் பயிர் சீக்கிரம் பூக்கும் என்பது நிஜமான விஷயம்தான், புதிதும் இல்லை. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. இப்படிப் பழக்கின குணம் அடுத்த தலைமுறை விதைக்கும் போகும், பயிரின் பரம்பரையையே மாற்றலாம் என்றார். ஜீன் என்று ஒன்று இருக்கிறது என்பதே முதலாளித்துவக் கட்டுக்கதை என்றார். சோவியத் பத்திரிகைகள் கொண்டாடின. பழைய படிப்பாளிகளுக்கு நடுவே மண்ணிலிருந்து வந்த நம்ம ஆள்!

அரசுக்கும் அவசரம். விவசாயிகளின் நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளாக்கியதில் விவசாயமே குலைந்து கிடந்தது. 1932-33-ல் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். ஒரு புதிய கோதுமை ரகத்தை உருவாக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்று உண்மையைச் சொன்னார்கள் மரபியல் விஞ்ஞானிகள். லைசென்கோ மூன்று வருஷத்துக்குள் தருகிறேன் என்றார். பசியில் இருக்கிற வீட்டில் யார் பேச்சு எடுபடும்?

அவர் ஆதாரம் சேர்த்த விதத்தைக் கேளுங்கள். பண்ணைகளுக்குக் கேள்வித்தாள் அனுப்புவார். மகசூல் கூடியதா என்று பண்ணை அதிகாரி பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். அந்தக் காலத்து ரஷ்யாவில் "கூடவில்லை" என்று எழுத எத்தனை அதிகாரிக்குத் துணிச்சல் வரும்? பக்கத்திலேயே ஒரு வயலில் சாதாரண விதையைப் போட்டு ஒப்பிடுவது கிடையாது. உயிரியலில் கணக்குக்கு வேலையில்லை என்றே சொன்னார். அவரே வியாபாரி, அவரே கணக்குப்பிள்ளை, அவரே ஆடிட்டர். 1935-ல் கிரெம்ளின் கூட்டமொன்றில், தன்னை எதிர்க்கும் விஞ்ஞானிகளும் வர்க்க எதிரிகள்தான் என்கிற தொனியில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ஸ்டாலின் "பிரேவோ" என்று குரல் கொடுத்தார். அதற்கப்புறம் யார் ரசீது கேட்பார்கள்?

ஒருவர் கேட்டார். நிகோலாய் வாவிலோவ்.

உலகம் பூராவும் சுற்றி விதை சேர்த்தவர். எந்தப் பயிர் எந்த மண்ணில் முதலில் தோன்றியது என்று வரைபடம் போட்டவர். நெல்லுக்கும் கத்தரிக்காய்க்கும் இந்தியப் பகுதியைப் பூர்வீகமாகக் குறித்தவர் அவர்தான். லெனின்கிராடில் அவருடைய நிறுவனத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை, கிழங்கு மாதிரிகள். பஞ்சமே வராத உலகம் வேண்டும் என்பது அவருடைய கனவு. இதில் வேதனை, லைசென்கோவை ஆரம்பத்தில் தூக்கிவிட்டவர்களில் வாவிலோவும் ஒருவர். சோதனைகள் நிற்காது என்று தெரிந்ததும் வெளிப்படையாகச் சொன்னார். 1940 ஆகஸ்ட்டில், விதை சேகரிக்கப் போன இடத்தில் கைது செய்தார்கள். மரண தண்டனை விதித்து, பிறகு சிறையாகக் குறைத்தார்கள். 1943 ஜனவரி 26-ம் தேதி சரத்தோவ் சிறையில், பட்டினியில் உருக்குலைந்து செத்தார். உலகத்தின் பசிக்கு விதை சேர்த்தவர்.

அதே சமயம் லெனின்கிராடை ஜெர்மன் படை சுற்றி வளைத்திருந்தது. 872 நாள். ஊரில் ரொட்டி இல்லை. வாவிலோவின் நிறுவனத்திலோ மூட்டை மூட்டையாக நெல், கோதுமை, கடலை. அதைக் காவல் காத்த விஞ்ஞானிகள் ஒரு பிடி எடுத்துத் தின்னவில்லை. நெல் விதைகளைப் பாதுகாத்த டிமிட்ரி இவானோவ் அந்தப் பொட்டலங்களுக்கு நடுவிலேயே பசியால் இறந்தார். அவரைப் போல இன்னும் பலர்.

1948 ஆகஸ்ட்டில் விவசாய அகாடமி கூட்டம். தன் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு பார்த்து அங்கீகரித்துவிட்டது என்று அறிவித்தார் லைசென்கோ. அத்தோடு விவாதம் முடிந்தது. மரபியல் பாடம் நீக்கம், பாடப்புத்தகங்கள் வாபஸ், ஆசிரியர்களுக்கு வேலை போனது. 1953-ல் கேம்பிரிட்ஜில் டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தபோது, சோவியத்தில் ஜீன் என்று வாய்திறந்தால் ஆபத்து. இதே முறைகளில் சிலவற்றைச் சீனாவும் 1958 முதல் வயலில் இறக்கியது. ஒரே ரகப் பயிர்கள் ஒன்றோடொன்று போட்டி போடாது என்று நெருக்கி நெருக்கி நட்டார்கள். அந்தப் பெரும் பஞ்சத்துக்கு முக்கியக் காரணங்கள் அரசியல் சார்ந்தவை. இந்த 'விஞ்ஞான'த்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

கடைசியில் ஆடிட்டர் வந்தாரா? வந்தார். 1964-ல் குருஷேவ் பதவி போனபின், 1965-ல் ஒரு குழு லைசென்கோவின் சொந்தப் பரிசோதனைப் பண்ணைக்குப் போய் ரெக்கார்டுகளைப் புரட்டியது. பாலில் கொழுப்பைக் கூட்டிவிட்டதாக அவர் சொன்ன மாட்டுக் கணக்கெல்லாம் நிற்கவில்லை. அவ்வளவுதான், சாம்ராஜ்யம் சரிந்தது. ஒரு பண்ணையின் பதிவேட்டைப் பார்ப்பது சில வாரத்து வேலை. அதற்கு முப்பது வருஷம் ஆயிற்று.

முப்பது வருஷமும் லைசென்கோ தன் அடிப்படைப் பேச்சை மாற்றவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அரிச்சந்திரத் தராசில் நிறுத்தால் அவர்தான் ஜெயிப்பார்.

*

"சரி சார், அப்போ யார் எதைச் சொன்னாலும் சந்தேகப்பட்டுக்கிட்டே இருக்கணும், அதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் இல்லை. சந்தேகத்தையும் விலைக்கு வாங்க முடியும்.

1950-ல் லண்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். ரோட்டுத் தாரும் கார்ப் புகையும் காரணமாக இருக்கும் என்றுதான் டால் நினைத்திருந்தார். கணக்கு சிகரெட்டைக் காட்டியது. டால் தானே சிகரெட் பிடிக்கிறவர். நிறுத்திவிட்டார். மேலும் உறுதி செய்ய, 1951-ல் இங்கிலாந்து டாக்டர்களுக்கே கடிதம் எழுதி, பதில் சொன்ன நாற்பதாயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள்.

1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தன. சிகரெட் நல்லது என்று விளம்பரம் சொல்லவில்லை. அது பழைய டெக்னிக். 'இன்னும் நிரூபணமாகவில்லை, ஆராய்ச்சி நடக்கட்டும், நாங்களே பணம் தருகிறோம்' என்றது. எவ்வளவு விஞ்ஞானபூர்வமான பேச்சு! அடுத்த பல வருஷம், எத்தனை ஆதாரம் வந்தாலும் இதே பதில். 2006-ல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இந்தக் கம்பெனிகள் தெரிந்தே ஜனங்களை ஏமாற்றின என்று தீர்ப்பு எழுதினார். இடைப்பட்ட ஐம்பது வருஷத்தில் 'இன்னும் நிரூபணமாகலையே' என்று நம்பிப் பற்றவைத்தவர்கள் எத்தனை பேர்!

மார்ஷலைச் சந்தேகப்பட்ட டாக்டர்களுக்கும் இந்தக் கம்பெனிகளுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு தரப்பும் 'ஆதாரம் போதாது' என்றுதானே சொன்னார்கள்?

ஒரே வித்தியாசம்தான். "என்ன காட்டினால் ஒப்புக்கொள்வீர்கள்?" என்ற கேள்விக்கு டாக்டர்களிடம் பதில் இருந்தது. கம்பெனிகளிடம் இல்லை. லைசென்கோவிடமும் இல்லை.

*

நம்மைப் போன்றவர்களால் தடுப்பூசியையோ கோதுமை விதையையோ சொந்தமாகச் சோதிக்க முடியாது. எனக்கு மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் தெரியாது, பார்த்தால் புரியவும் புரியாது. யாரையோ நம்பித்தான் ஆக வேண்டும். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. கம்பெனியின் பருத்தியை எண்ணிப் பார்க்காமலே ஷேர் வாங்குகிறவன் ஆடிட்டர் இருக்கிறாரா, அவர் யாருக்குக் கடமைப்பட்டவர், கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பதில்லையா? அது நம்மாலும் முடியும்.

அதனால் டீக்கடைக் கேள்வியைக் கொஞ்சம் திருத்தச் சொல்கிறேன். "ஏன்யா மாத்திப் பேசுறே?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எதைப் பார்த்து மாத்தினே, அந்தக் கணக்கைக் காட்டு" என்று கேளுங்கள். காட்டினால் கொஞ்சம் நம்பலாம். மாஸ்க் விஷயத்தில், அறிகுறி இல்லாதவர்களும் நோயைப் பரப்புகிறார்கள் என்று தெரிய வந்தது மாற்றத்துக்கு ஒரு காரணம். அதை ஆரம்பத்திலேயே ஜனங்களிடம், "இப்போதைக்குத் தெரிந்தது இவ்வளவுதான், நாளைக்கு மாறலாம்" என்று சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அவர்களுக்குக் கொடுத்தது நாம்தான். தெரியாது என்கிற டாக்டரை விட்டுவிட்டு, அடித்துச் சொல்கிற டாக்டரைத் தேடிப் போகிறவர்கள் நாம்தானே?

இங்கேதான் நம்முடைய பங்கு வருகிறது. விஞ்ஞானம் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் நடக்கிற சமாச்சாரம் இல்லை. ரசீது கேட்கிறவனைத் துரோகி என்று சொல்லாத ஒரு சமூகம் வெளியே இருந்தால்தான் உள்ளே அது நடக்கும். லெனின்கிராடில் விதையைக் காத்தவர்களிடம் திறமைக்கோ தியாகத்துக்கோ குறைவில்லை. கேள்வி கேட்க இடமில்லாமல் போனது. அந்த இடத்தை விஞ்ஞானிகளால் மட்டும் உண்டாக்கிக்கொள்ள முடியாது. நாம் கொடுக்க வேண்டும். வகுப்பில் பையன் எழுந்து "எப்படி சார் தெரியும்?" என்று கேட்டால் உட்காரச் சொல்லாத வாத்தியாரிலிருந்து, தன் திட்டம் பலிக்கவில்லை என்ற புள்ளிவிவரத்தை ஒளித்து வைக்காத மந்திரி வரைக்கும்.

வெளியில் கேட்கிற கேள்வியை வீட்டிலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஜாதி, கட்சி, மாட்டுப்பெண், எதிர் வீட்டுக்காரர், எந்த விஷயத்திலாவது உங்களுக்கு அசைக்க முடியாத ஓர் அபிப்பிராயம் இருக்கும். என்ன காட்டினால் அதை மாற்றிக்கொள்வீர்கள்?

பதில் இருந்தால், நீங்கள் எந்த குரூப் எடுத்துப் படித்தவராக இருந்தாலும் விஞ்ஞானிதான். எதைக் காட்டினாலும் மாற மாட்டேன் என்றால்... உங்கள் பேரேட்டில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இருக்காது. நல்ல ஆடிட்டர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.